வாசகர் கேள்வி பதில்: வார்டை விட்டு ரோட்டுக்கு வந்த ஹார்ட் டாக்டர்

கேள்வி: ஆம்புலன்ஸ்ல நெஞ்சுக்கு ஷாக் குடுக்கற மெஷின் வச்சிருக்காங்களே, அதை வண்டியில ஏத்தணும்னு முதல்ல யாருக்கு சார் தோணுச்சு? (வாசகி, ஈரோடு)

பதில்: ஃப்ராங்க் பேன்ட்ரிட்ஜ்னு ஒருத்தரும்மா. வட அயர்லாந்துக்காரர், பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில ஹார்ட் டாக்டர். 1960கள்ல பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஹார்ட் அட்டாக்குக்குன்னே தனி வார்டு ஆரம்பிச்சு கட்டிலுக்குப் பக்கத்துலயே மானிட்டர், ஷாக் மெஷின்னு எல்லாம் வச்சாங்க. ஆனா இவர் பார்த்தது என்னன்னா, சாகறவங்கள்ல நெறைய பேர் அந்த வார்டு வரைக்கும் வந்து சேர்றதே இல்ல, வலி வந்து ஒரு மணி நேரம் ஆகறதுக்குள்ள வீட்லயோ வேலை செய்யற எடத்துலயோ போயிடறாங்க. அதுவும் பாதிப் பேருக்கு இதயம் ஒண்ணும் முழுசா கெட்டுப்போயிருக்காது, துடிப்பு தாறுமாறாகி ரத்தத்தைத் தள்ளாம சும்மா நடுங்கிட்டு இருக்கும், அந்த சில நிமிஷத்துல ஒரு ஷாக் குடுத்தா ஒழுங்கா துடிக்க வாய்ப்பு இருக்கு, விட்டா அவ்ளோதான். அப்புறம் எதுக்கு மெஷின் வார்டுலயே காத்துக்கிட்டு இருக்கணும்?

அந்த மெஷின் செவுத்து பிளக்ல மாட்டினாத்தான் வேலை செய்யும். 1965ல அதை ரெண்டு கார் பேட்டரியில ஓடற மாதிரி மாத்தி ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க, மொத்த எடை 70 கிலோ! 1966 ஜனவரியிலேர்ந்து ஆஸ்பத்திரி டாக்டரே அந்த வண்டியில ஏறி நோயாளி இருக்கற எடத்துக்குப் போக ஆரம்பிச்சாச்சு. ஜூனியர் டாக்டர் ஜான் கெடஸும் இவரும் சேர்ந்து 1967ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில எழுதினதும்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. நாசாவுக்காக செஞ்ச சின்ன கெப்பாசிட்டர், அதாவது ஷாக்குக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்து வைக்கற பாகம் கிடைச்சதால 1968லயே அந்த 70 கிலோ, 3 கிலோ சொச்சமா கொறஞ்சிடுச்சு. எனக்கு ரொம்ப பெரிசாத் தெரியறது மெஷின்கூட இல்ல, டாக்டர் ரோட்டுக்கு வந்ததுதான்.

கேள்வி: அவர் சயாம் மரண ரயில்ல கைதியா இருந்தவராமே, நிஜமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: நிஜம்தாங்க. 1939ல படிப்பை முடிச்சு பட்டாளத்து டாக்டரா போனவர், 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தப்போ ஜப்பான்காரங்ககிட்ட மாட்டி, கைதிகளையும் கூலிகளையும் வச்சு அவங்க போட்ட சயாம்-பர்மா (தாய்லாந்து-பர்மா) ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். மலாயா ரப்பர் தோட்டத்து தமிழ் சனங்க ஆயிரக்கணக்குல செத்த அதே பாதை. பட்டாளத்து கைதிகளுக்காவது இவரை மாதிரி டாக்டருங்க கூடவே இருந்தாங்க, மருந்து இல்லேன்னாலும் பார்த்துக்க ஆள் இருந்துச்சு, நம்ம கூலிக்காரங்களுக்கு பெரும்பாலும் அதுவும் கிடையாது, இதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல. அங்கதான் இவருக்கு இதயத்தைப் பிடிக்கற பெரிபெரி (வைட்டமின் பி1 குறைஞ்சு வர்ற நோய்) வந்துச்சு. உசிரோட திரும்பி வந்து அந்த பெரிபெரியைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணினார், பிறகு அமெரிக்காவுல மிச்சிகன் போய் ஃப்ராங்க் வில்சன்கிட்ட ஈசிஜி கத்துக்கிட்டார்.

கேள்வி: சொந்த நாட்டுல மதிப்பு கிடைச்சுதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: லேட்டாத்தான். அமெரிக்கா சட்டுனு புடிச்சுக்கிச்சு. சியாட்டில்ல லெனர்ட் காப்ங்கற டாக்டர் தீயணைப்புக்காரங்களுக்கே பயிற்சி குடுத்து 1970ல வண்டியை இறக்கிட்டார், டாக்டர் கூட வரலேன்னாலும் பயிற்சி எடுத்தவங்க இதைச் செய்யலாம்னு அங்க தெளிவாச்சு. 1972ல முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்கு வர்ஜீனியாவுல ஹார்ட் அட்டாக் வந்தப்போ பார்த்தது பெல்ஃபாஸ்ட் மாதிரியே அமைச்ச யூனிட்தான். தீயணைக்கற சிலிண்டர் இருக்கற எடத்துல எல்லாம் ஷாக் மெஷினும் இருக்கணும், பொருளைவிட உசிரு பெருசு இல்லையான்னு பேன்ட்ரிட்ஜ் சொல்லிக்கிட்டே இருந்தார். ஆனா பிரிட்டன்ல அவசர ஆம்புலன்ஸ் எல்லாத்துலயும் அது வந்து சேர 1990 ஆயிடுச்சு. பெல்ஃபாஸ்ட்ல செஞ்சு காட்டி இருபது வருஷத்துக்கு மேல! அந்த இடைவெளியில வழியிலயே போனவங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது?