பெட்டியில் என்ன இருந்தது?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சரக்கு ஆவண எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்)

கேள்வி: அக்கா, 2022 டிசம்பரில் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்துக்கு வந்த ‘லேடி ஆர்’ என்ற ரஷ்யக் கப்பலில் நம் நாடு ஆயுதம் ஏற்றி அனுப்பியதாக அமெரிக்கத் தூதர் சொன்னார். விசாரணைக் குழு அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது. பிறகும் அரசை ஏன் குறை சொல்கிறீர்கள்? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, ஓய்வுபெற்ற நீதிபதி பினியாஸ் மொஜபெலோ தலைமையிலான குழுவின் முடிவை நான் ஏற்கிறேன். நம் படைக்காக 2018-இல் ஆர்டர் கொடுத்த தளவாடத்தை இறக்கத்தான் கப்பல் வந்தது என்றது அந்தக் குழு. என் கோபம் வேறு.

மேடன் வார்ஃப் பக்கம் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து கப்பல் கப்பலாகச் சரக்குப் பட்டியல் சரிபார்த்தவள் நான். ஒரு பெட்டி கரையில் இறங்கினால் அதன் குறியீடு, மொத்த எடை, முத்திரை எண், அனுப்பியவர், பெறுபவர் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். வெடிபொருள் என்றால் ஆரஞ்சு நிறச் சாய்சதுரச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதற்கென்று தனி உறுதிமொழிப் படிவமும் உண்டு. ஆயுதம் என்றால் இன்னும் ஒரு படி மேலே: வாங்கும் நாடு ‘வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன்’ என்று எழுதித் தரும் இறுதிப் பயனர் சான்றிதழ். ஆகவே, காகிதம் இல்லாத சரக்கு என்று யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

அந்தக் கப்பலோ அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்தது. இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு வந்தது. இரவில் வேலை நடந்தது. பழைய ஆர்டர் வந்து சேர்ந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் சொன்னதோடு சரி. 2023 மே 11 அன்று தூதர் பேசியதும் நம் நாணயமான ராண்ட் சரிந்தது. ஒரு டாலருக்கு 19 ராண்டைத் தாண்டிப் போனது. நம் சமையலறைக்கு வரும் அரிசி கடல் கடந்து வருவது. அதன் விலையில் அந்தச் சரிவை யார் கட்டினார்கள்? பெட்டியில் இன்னது இருந்தது என்று டிசம்பரிலேயே ஒரு தாளைக் காட்டியிருந்தால் தூதரின் பேச்சு அன்றைக்கே அடிபட்டுப் போயிருக்கும். விசாரணை அறிக்கையின் சுருக்கம் மட்டுமே நமக்குக் கிடைத்தது. முழு அறிக்கை இரகசியம் என்றார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: நிறவெறி ஆட்சிக்கு ஆயுதம் விற்றவர்கள் மேற்கு நாட்டவர். நம் போராட்டத்துக்குக் கைகொடுத்தது மாஸ்கோ. மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ வாசல்வரை வந்தால் ரஷ்யா சும்மா இருக்குமா? அதன் பக்கம் நிற்பதுதானே நன்றி? – வாசகி, பீனிக்ஸ்

பதில்: முதல் பாதி முழு உண்மை அம்மா. பிரான்ஸ் மிராஜ் விமானங்களையும் டாஃப்னே நீர்மூழ்கிகளையும் பிரிட்டோரியாவில் இருந்த நிறவெறி அரசுக்கு விற்றது. ஐ.நா. பாதுகாப்பு அவை ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது 1977 நவம்பரில்தான். அதற்குள் சொவெட்டோவில் பிள்ளைகள் சுடப்பட்டுவிட்டார்கள், கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பிக்கோ கொல்லப்பட்டுவிட்டார். அந்தக் கணக்கை மேற்கு நாடுகள் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் நம் போராளிகள் பயிற்சி பெற்ற இடங்கள் எவை? ஒடெசா, கிரிமியாவின் பெரேவால்னோயே. இரண்டும் அன்று சோவியத் உக்ரைனில் இருந்தவை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு ரஷ்ய ஏவுகணைகள் விழும் ஊர்களில் ஒடெசாவும் ஒன்று. நன்றிக்கடன் பற்றிப் பேசினால் அந்த ஊருக்கும் நாம் பட்டிருக்கிறோம்.

நேட்டோ 1999-இலும் 2004-இலும் கிழக்கே விரிந்தது. உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று 2008-இல் புக்கரெஸ்டில் அறிவித்தது. மாஸ்கோவுக்கு அது உறுத்தியதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்காகப் படையெடுத்ததன் பலன் என்ன? பக்கத்து நாடான பின்லாந்தே 2023-இல் நேட்டோவில் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தன் மண்ணில் இருந்த அணுகுண்டுகளைக் கொடுத்துவிட 1994-இல் உக்ரைன் சம்மதித்தது. எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் புடாபெஸ்டில் கையெழுத்திட்டன. நம் நாடும் ஆறு அணுகுண்டுகளைச் செய்து, பிறகு தானே பிரித்துப்போட்ட நாடு. ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்குத் தந்த வாக்கு மீறப்படும்போது உலகத்தில் முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள் வாக்களித்தன. நாமோ ஒதுங்கி நின்றோம்.

கேள்வி: 2023 பிப்ரவரியில் ரஷ்யா, சீனாவுடன் நம் கடற்படை நடத்திய ‘மோசி’ பயிற்சி? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எந்த நாட்டுடனும் பயிற்சி செய்யலாம். போர் தொடங்கி ஓராண்டு நிறையும் பிப்ரவரி 24-ஐ உள்ளடக்கி, டர்பனுக்கும் ரிச்சர்ட்ஸ் பேக்கும் அப்பால் நடத்தியது தவறு.

கேள்வி: நாங்கள் சாதாரண மக்கள். இதில் எங்களால் என்ன செய்ய முடியும்? – வாசகி, டொங்காட்

பதில்: ஆயுத விற்பனையைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தேசிய மரபு ஆயுதக் (அணுகுண்டு போன்றவை அல்லாத ஆயுதம்) கட்டுப்பாட்டுக் குழு எந்த நாட்டுக்கு என்ன விற்க அனுமதித்தது என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைத்து, பொதுமக்களுக்கும் வெளியிட வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போய் அந்த அறிக்கையைக் கேளுங்கள். நாலைந்து பேராகப் போங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வாருங்கள்.