கையில கிடைக்கறதையெல்லாம் கழட்டற குழந்தையைத் தடுக்கணுமா?

"பையனுக்கு நாலு வயசு. எந்த பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் மறுநாளே கழட்டிப் போட்டுடறான், எழுத உட்காருன்னா மட்டும் உட்கார மாட்டேங்கறான், என்ன பண்றது?"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

கவலைப்படாதீங்கம்மா, இந்த வயசுல கைதான் முதல் வாத்தியார். ஒரு பழைய டார்ச்சைக் கொடுத்துட்டு பக்கத்துல உட்கார்ந்து பாருங்களேன். மூடியை எந்தப் பக்கம் திருகினா கழலுதுன்னு ரெண்டு பக்கமும் திருகிப் பாப்பான், ஸ்பிரிங்கை அமுக்குவான், விட்டா துள்ளும், மறுபடி அமுக்குவான், பேட்டரியைத் தலைகீழா போட்டா எரியாது, திருப்பிப் போட்டதும் பளிச்சுன்னு எரியும்போது அவன் முகத்தைப் பாக்கணும் நீங்க. ஏன் எரியல, எதை மாத்தினா எரியும்னு யோசிக்கறது இப்படித்தான் ஆரம்பிக்குது. நாளைக்கு பென்சில் பிடிக்கப்போறதும் இதே விரல்கள்தான், அதனால எழுதறதுக்கு இப்பவே அடிச்சு உட்கார வைக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு, உடனே போய் "இப்படிப் பண்ணு"ன்னு செஞ்சு காட்டிடாதீங்க. 2011ல எலிசபெத் பொனாவிட்ஸ்ங்கற ஆய்வாளரோட குழு வெளியிட்ட ஆய்வுல, பல வித்தை ஒளிஞ்சிருக்கற ஒரு பொம்மையை சின்னப் பசங்ககிட்ட கொடுத்தாங்க. இதை இழுத்தா சத்தம் வரும்னு சொல்லிக் காட்டின பசங்க பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்ப செஞ்சாங்க, யாரும் சொல்லிக் கொடுக்காத பசங்கதான் மத்த வித்தைகளையும் அதிகமா கண்டுபிடிச்சாங்க. அதனால அவன் திணறினாலும் கொஞ்சம் பொறுங்க, வேணும்னா "இதைத் திருப்பினா என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி மட்டும் போடுங்க. காசு கொட்டி கடையில விக்கற விளையாட்டு செட்டெல்லாம் வாங்கணும்னு அவசியமே இல்ல, பூட்டும் சாவியும், மூடி போட்ட டப்பாக்களும், பெரிய போல்ட் நட்டும் போதும்.

பாதுகாப்புல மட்டும் விட்டே கொடுக்காதீங்க. பட்டன் பேட்டரி (வாட்ச், ரிமோட்ல வர்ற, காசு மாதிரி தட்டையான குட்டி பேட்டரி) உள்ள எதுவும் அவன் கைக்குப் போகவே கூடாது, முழுங்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்து போகலாம், முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. குட்டி காந்தமும் அப்படித்தான், ரெண்டு மூணு உள்ள போனா குடலை நடுவுல வச்சு ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். பிளக்ல மாட்டற சாமான் எதுவும் வேண்டாம், பழைய டிவி, மைக்ரோவேவ்லாம் வயரைப் பிடுங்கினப்புறமும் உள்ள கரண்ட் தேங்கியிருக்கும். வீட்டுல கைக்குழந்தை இருந்தா கழட்டினதையெல்லாம் ஒரு தட்டுக்குள்ளயே வைக்கப் பழக்குங்க, முடிச்சதும் எண்ணி எடுத்து வச்சிடுங்க.

திரும்ப மாட்டத் தெரியலையேன்னு திட்டாதீங்க, கழட்டறதை விட மாட்டறது கஷ்டம், அது மெதுவாத்தான் வரும்.