நாலு பிரச்சினை, இரண்டு அலுவலகம்: யாரைப் பிடிப்பது?

வடசென்னையின் குடிசைப் பகுதி ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பகுதியில் 120 வீடுகள். தெருவில் சாக்கடை நிற்கிறது, விளக்கு எரிவதில்லை, குப்பை வண்டி உள்ளே வருவதில்லை. மாநகராட்சிக்குப் போனால் குடிநீர் வாரியத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் திரும்ப மாநகராட்சிக்கே அனுப்புகிறார்கள். இவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்க வழி உண்டா? வீட்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால், பட்டா உட்பட எல்லாம் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்."

முதலில் அந்த 500 ரூபாய். யாரும் கொடுக்காதீர்கள். உங்கள் புகாரை எடுத்துக்கொள்ள எந்த அலுவலகத்திலும் கட்டணம் கிடையாது. பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அவர் அடுத்ததாகக் கேட்கப்போகும் ஆதார் நகலும் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளும்தான். அந்தத் தாளில் பிறகு என்ன எழுதுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஏற்கெனவே கொடுத்தவர்கள் இருந்தால் இன்றே திரும்பக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சரி, சாக்கடைக்கு வருவோம். சென்னையில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால், தெரு, விளக்கு, குப்பை நான்கும் மாநகராட்சியுடையவை. கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்குள் புகுந்துவிட்டால் இரண்டு பேருக்குமே சாக்கு கிடைத்துவிடுகிறது. அதனால் தண்ணீர் எங்கிருந்து பொங்குகிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தெருவின் நடுவே வட்ட மூடியிலிருந்து வந்தால் வாரியம். ஓரத்தில் பலகைக் கல் போட்ட வடிகாலிலிருந்து வந்தால் மாநகராட்சி. வாரியத்துக்கு 1916, மாநகராட்சிக்கு 1913. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காமலேயே 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால் அதே நாளில் படம் எடுத்து, பழைய எண்ணைச் சொல்லி மறுபடி புகார் கொடுங்கள்.

இதோடு நின்றால் வருடம் முழுக்க போன் பேசிக்கொண்டுதான் இருப்பீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது கூட்டு ஆய்வு. ஒரே கடிதத்தை வாரியத்தின் பகுதிப் பொறியாளர், மாநகராட்சி வார்டு உதவிப் பொறியாளர், கவுன்சிலர் மூவருக்கும் எழுதி, நகலை மண்டல அலுவலருக்குக் கொடுங்கள். 'இரண்டு பொறியாளர்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எங்கள் தெருவுக்கு வர வேண்டும்' என்ற ஒரு கோரிக்கை போதும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். தெருவில் நிற்கும்போது யார் எதை, எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதை அங்கேயே எழுதிப் படித்துக் காட்டுங்கள். வேலை வரிசையையும் கேளுங்கள்: முதலில் குழாய், அப்புறம் வடிகால், கடைசியில் சாலை. சாலையை முன்னால் போட்டுவிட்டுப் பிறகு தோண்டுவதை எத்தனை வருடமாகப் பார்த்து வருகிறோம்!

வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே நேரில் போங்கள். 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டம் உங்கள் வார்டில் நடக்கும்போதும் இதே கடிதத்தைக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு அலுவலகத்தையும் சேர்த்து வைப்பது சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை. அதற்காகக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கிறது. எழுதும்போதே மனசு கொதிக்கிறது.

விளக்கும் குப்பையும் சுலபம். 1913-ஐ அழைத்து, விளக்குக் கம்பத்தில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். சந்துக்குள் வரக்கூடிய பேட்டரி வண்டியைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 'இது புறம்போக்கு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்று உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். அங்கே நிரந்தரக் குழாய் போடவும் தயங்குவார்கள். ஆனால் குப்பை எடுப்பதற்கும், கொசு மருந்து அடிப்பதற்கும், லாரித் தண்ணீருக்கும் பட்டா வேண்டியதில்லை. அதோடு 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி சென்னையில் அந்த ஆண்டு 1,202 பகுதிகளும், 1985-இல் 17 பகுதிகளும் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருந்தால் மேம்பாட்டுப் பணிகளைக் கேட்க அது வலுவான ஆதாரம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்த அறிவிப்பு நிலத்தை உங்களுக்குச் சொந்தமாக்காது. தரகர்கள் ஆட்களை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

பட்டியலைத் தெரிந்துகொள்ள, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு (பழைய குடிசை மாற்று வாரியம்) தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தராமல் தட்டிக்கழிப்பார்கள். 'எங்கள் பகுதியின் அறிவிப்பு நகல் தருக' என்று ஆவணத்தைக் கேளுங்கள். மற்ற துறைகளிடம் கேட்பதைத் தனித்தனி மனுவாகப் போடுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காத்திருந்து சலித்துப்போய், பணம் வசூலித்து யாரையாவது அடைப்பு எடுக்கக் குழிக்குள் இறக்கிவிடாதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். விஷவாயு தாக்கினால் அவர் உயிரோடு மேலே வரமாட்டார். ஆள் இறக்கித் தருகிறேன் என்று தரகர் யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, 1916-ஐ அழைத்து இயந்திர வண்டி கேளுங்கள்.