அக்ரஹார உறுப்பினர்களின் மனநிலையை அளக்க கானாவின் வினாக்கொத்து சரிவருமா?

உங்கள் கேள்வி இது: யாழ் மாவட்ட அரச உத்தியோகத்தர்கள் அக்ரஹார மருத்துவக் காப்புறுதியின் சேவைத் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறீர்கள், கானாவின் தேசிய சுகாதாரக் காப்புறுதி பற்றிய ஆய்வொன்றில் இருந்த 22 வினாக்களைத் தமிழாக்கிக் கொடுக்கலாமா? இறுதியாண்டு மாணவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்படியே கொடுத்தால் சரிவராது. கானாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த திட்டத்தில் உறுப்பினர் அட்டையைக் காட்டி வைத்தியம் பெறுகிறார், காசைத் திட்டமே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது. அதனால் அங்கே சேவை என்று கேட்டால் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் பதில் வரும். அட்டைக்காரரை இருத்தி வைத்துவிட்டுக் காசு கட்டுபவரை முதலில் கூப்பிட்டார்களா, மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்களா என்பவைதான் அங்குள்ள முறைப்பாடுகள். திட்டத்திலிருந்து காசு பிந்தினால் அது கடைசியில் நோயாளியின் தலையில்தான் வந்து விழும்.

இங்கே நிலைமை வேறு. அக்ரஹார 1997இல் அரச உத்தியோகத்தர்களுக்காகத் தொடங்கியது. இப்போது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலோ காப்புறுதி இருப்பவருக்கென்று தனி வரிசை கிடையாது. எல்லாருக்கும் ஒரே வாட்டு, இலவச வைத்தியம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் தன் கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்துத் திருப்பி எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊர் உறுப்பினர் தரம் என்று மனதில் வைத்திருப்பது காசு திரும்பி வரும் பாதையைத்தான். வைத்தியர் கனிவாகப் பேசினாரா என்று கேட்டு வரும் பதிலைக் காப்புறுதியின் கணக்கில் எழுதினால் ஆய்வு முதல் பக்கத்திலேயே பிழைத்துவிடும்.

அந்தப் பாதையில் நான்கு மேசைகள் இருக்கின்றன. பில்லும் பற்றுச்சீட்டும் தரும் ஆஸ்பத்திரிக் கருமபீடம் ஒன்று. படிவத்தில் தன் பகுதியை நிரப்பி முத்திரை குத்த வேண்டிய வைத்தியர் அடுத்தவர். பிறகு உறுப்பினரின் சொந்தக் கந்தோரில் இந்த வேலையைப் பார்க்கும் விடய எழுதுநர். அவர் நிறுவனத் தலைவரின் கையொப்பம் எடுத்து அனுப்ப வேண்டும். கடைசியில்தான் கொழும்பு, அதாவது காசைத் தரும் அந்த நிதியம். “அக்ரஹார சரியில்லை” என்று ஒருவர் சொன்னால் நாலில் எந்த மேசையைச் சொல்கிறார் என்று தெரியாது, பல வேளை அவருக்கே தெரியாது. மூன்று கிழமை கந்தோர் மேசையில் கிடந்த படிவத்துக்கும் கொழும்புதான் ஏச்சு வாங்கும்.

ஆதலால் புள்ளி போடச் சொல்வதற்கு முதல் திகதிகளைக் கேளுங்கள். நான்கு போதும்: ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டிய திகதி, படிவத்தைக் கந்தோரில் கொடுத்த திகதி, கந்தோர் அதை அனுப்பிய திகதி, காசு வங்கியில் விழுந்த திகதி. ஞாபகத்திலிருந்து சொல்ல விடவேண்டாம். நோய் நிர்ணய அட்டையில் முதலாவது இருக்கும், கந்தோரின் அனுப்பும் பதிவேட்டில் மூன்றாவது, வங்கிப் புத்தகத்தில் நான்காவது. இரண்டாவது மட்டும்தான் அநேகமாக எங்கும் பதிவில்லாதது. பிரதி எடுத்துக் கையொப்பம் வாங்கி வைத்தவர்களிடம் மட்டும் கிடைக்கும். திகதிக் கேள்விகளைக் கடந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தவர்களோடு நிறுத்துங்கள். திகதி இருந்தால் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்று கழித்துப் பார்த்துச் சொல்லலாம்.

படிவம் திரும்பி வந்ததா, ஏன் வந்தது என்பதையும் கேட்க வேண்டும். வழமையான காரணங்கள் சின்னவைதான். மூலப் பற்றுச்சீட்டுக்குப் பதில் நிழற்பிரதி வைப்பது, வைத்தியரின் முத்திரை தெளியாமல் இருப்பது, சம்பளப் பதிவில் பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணும் படிவத்தில் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணும் இருப்பது. எங்கள் பக்கத்தில் இன்னொன்று உண்டு: பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். ‘சிவகுமார்’ என்ற ஒரே பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும், தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்ற இடத்தில் முழுதாகவும் நிற்கும். உறுப்பினர் இதைத் தன் பிழையாக எடுக்கமாட்டார், சேவை கூடாது என்றுதான் பதிவார். அவருடைய அந்த எண்ணத்தையும் நீங்கள் மதித்துப் பதிய வேண்டும், காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

இனி அந்த 22 வினாக்கள். அது பரசுராமன், சைதாம்ல், பெரி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட, சேவைத் தரத்தை அளக்கும் சேர்வ்குவால் அளவுகோல். எதிர்பார்ப்பு, கிடைத்தது என்று இரண்டு தரம் கேட்டு இடைவெளியைக் கணிப்பார்கள். எதிர்பார்ப்பை ஐந்துக்கோ ஏழுக்கோ புள்ளியாகக் கேட்டால் எல்லாரும் உச்சத்தில் புள்ளடி போட்டுவிடுவார்கள். சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்படுகிறதே, குறைவாகவா எதிர்பார்ப்பார்கள்? நாளிலும் ரூபாயிலும் கேட்டுப் பாருங்கள். “எத்தனை நாளில் வரும் என்று நினைத்தீர்கள், எத்தனை நாளில் வந்தது? எவ்வளவு வரும் என்று நினைத்தீர்கள், எவ்வளவு வந்தது?” சாதாரணம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று நிலைகளில் தான் எதில் இருக்கிறேன், அதில் அந்தச் செலவுக்கான உச்சவரம்பு என்ன என்று தெரியாதவர்கள் நிறையப் பேர். வரம்பு தெரியாதவர் பில் தொகை முழுதும் வரும் என்று இருப்பார், பாதி வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்பார். ஆகவே வரம்பு தெரியுமா என்ற வினா கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இடைவெளியை விளக்கவே முடியாது.

தமிழாக்கம் இன்னொரு குழி. அந்த அளவுகோலின் பரிமாணம் ஒன்றை ‘உத்தரவாதம்’ என்று பெயர்த்தால், வாசிப்பவர் காசு நிச்சயம் வருமா என்ற கேள்வியாக எடுப்பார். மூலத்தில் அது அலுவலரின் அறிவும் மரியாதையும் தரும் நம்பிக்கையைக் குறிக்கிறது. இன்னொரு பரிமாணத்தைத் ‘துலங்கல்’ என்று எழுதினால் ஆசிரியர்களுக்குப் புரியும், சாரதிக்கும் சிற்றூழியருக்கும் புரியாது. “கேட்டால் உடனே பதில் சொல்கிறார்களா” என்று எழுதுங்கள். எதிர்மறை வாக்கியங்களைத் தூக்கிவிடுங்கள். “அலுவலர்கள் அக்கறை காட்டுவதில்லை” என்று வாசித்துக் காட்டினால் ஒருவர் “ஓம்” என்பார், இன்னொருவர் “இல்லை” என்பார். ஓம் என்றவரும் காட்டுவதில்லை என்கிறார், இல்லை என்றவரும் அதையேதான் சொல்கிறார்! அந்த மூவருமே 1991இல் எதிர்மறை வாக்கியங்களை நேராக மாற்றிவிட்டார்கள்.

‘பரவாயில்லை’ என்ற பதிலை நடுப்புள்ளியில் போட்டுவிட வேண்டாம். எங்கள் ஆட்கள் அதைத் திருப்திக்கும் சொல்வார்கள், வெறுத்துப்போய் விட்டுவிட்டதற்கும் சொல்வார்கள். “அடுத்த முறையும் விண்ணப்பிப்பீர்களா?” என்று ஒரு துணைக்கேள்வி போட்டால் எது எது என்று பிரியும்.

மிக முக்கியமான ஆட்களை மாணவர்கள் தவறவிடுகிறார்கள். செலவு வந்தும் அலைய ஏலாது என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் அவர்கள். அவர்களைத் தனியாக எண்ணுங்கள். ஒருநாளும் தேவைப்படாதவர்களையும் தனியாக வையுங்கள், அவர்கள் சொல்வது கேள்விப்பட்ட கதை. மூன்று கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்தால் 3.4 என்று ஓர் எண் வரும், அது ஒருவரையும் குறிக்காது.

வினாக்கொத்தை விடய எழுதுநரிடம் கொடுத்துச் சேர்த்துத் தரச் சொல்ல வேண்டாம். மதிப்பிடப்படுபவரே அவர். ஒட்டிய உறையில் நீங்களே வாங்குங்கள். முதலில் 25, 30 பேரிடம் பரீட்சித்துப் பாருங்கள். வினாக்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரொன்பாக் அல்பா என்ற எண் 0.7க்கு மேல் வந்தால் நல்லது என்பார்கள், 0.95ஐத் தாண்டினால் சந்தோஷப்படாமல் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரே நிரலில் மேலிருந்து கீழ்வரை புள்ளடி இழுத்திருப்பார்கள். இதையெல்லாம் புள்ளிவிபரம் தெரியாத பேச்சு என்று மேற்பார்வையாளர் யாராவது சொல்லலாம். கணிப்பு முறைக்கு நான் எதிரி அல்ல, கணிப்புக்குள் போகும் தரவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழி என்கிறது. அப்படியிருந்தும் கொழும்புத் திணைக்களங்களிலிருந்து தனிச் சிங்களத்தில் கடிதம் வருவது நிற்கவில்லை. காணி, ஓய்வூதியம், இடமாற்றம் எதுவானாலும் இதே கதைதான். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த ஒருவர் தன் வருத்தத்தின் விபரத்தைக் கந்தோரில் சிங்களம் தெரிந்த மூன்றாம் ஆளிடம் நீட்டி வாசிப்பிக்க வேண்டியிருப்பது அவமானம். சேர்வ்குவாலின் 22இல் இதற்கு ஒரு வினாவும் கிடையாது. நீங்கள் இரண்டு சேருங்கள்: பதில் எந்த மொழியில் வந்தது? அதை உங்களுக்கு வாசித்துச் சொன்னது யார்?

விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாத ஒருவரைச் சந்தித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்ப இலக்கமும் அனுப்பிய திகதியும் எழுதிப் பதிவுத் தபாலில் போடச் சொல்லுங்கள்.