கலப்பற்று: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தோணி வேலை பார்க்கும் பெரியவர்கள் “கலப்பத்து அடிக்கணும்” என்கிறார்கள். அகராதியில் “கலப்பற்று” என்று கிடக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையே உள்ள சந்தில் பஞ்சையோ நாரையோ திணித்து, உளி வைத்து இறுக்கி, மேலே எண்ணெயும் பிசினும் சேர்ந்த பட்டி பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் கலப்பற்று. அதைச் செய்பவர் கலப்பற்றுக்காரர். அவர் கையில் இருப்பது கலப்பற்றுளி. இந்த உளி மரத்தை வெட்டுவதற்கல்ல. அதன் வாய் அகலமாக, மழுங்கலாக இருக்கும். தச்சு உளியை இதற்கு எடுத்தால் பஞ்சு அறுந்துபோகும்.

கேள்வி: கலம் + பற்று என்று பிரித்தால் பொருள் பொருந்துகிறதே. சுத்தத் தமிழ்ச் சொல் என்று சொல்லலாம் அல்லவா?

பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பிரிப்பு பின்னால் வந்தது என்பதே என் முடிவு. பேச்சில் ‘காத்து’ என்பதை எழுதும்போது ‘காற்று’ ஆக்குகிறோம், ‘சேத்து’ என்பதை ‘சேற்று’ ஆக்குகிறோம். அதே பழக்கத்தில் ‘கலப்பத்து’ எழுத்தில் ‘கலப்பற்று’ ஆனது. அப்படி ஆனதும் உள்ளே கலமும் பற்றும் இருப்பதாகத் தோன்றிவிட்டது.

துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் பாருங்கள். போர்த்துகீசியத்தில் கலப்பற்றுக்காரர் ‘கலஃபாத்தெ’. இத்தாலியத்தில் ‘கலஃபாத்தோ’, பிரெஞ்சில் ‘கல்ஃபா’. துருக்கியில் இந்த வேலையே ‘கலஃபாத்’. இந்தியிலும் வங்காளத்திலும் ‘காலாபத்தி’ என்ற வடிவம் உண்டு. இத்தனை கரைகளில் ஒரே வேலைக்கு ஒரே ஒலி இருக்கும்போது, தமிழில் மட்டும் தனியாகப் பிறந்தது என்று சொல்ல இடமில்லை. போர்த்துகீசியரின் ஃப நம் வாயில் ப்ப ஆனது, அவ்வளவுதான். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, பீப்பாய் எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவையே. தச்சுப் பட்டறையில் புழங்கும் சொற்களில் இந்த வகை நிறைய.

கேள்வி: அப்படியென்றால் மூலம் போர்த்துகீசியம்தானா?

அதற்கும் பின்னால் போக வேண்டும். இதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி லத்தீனில் ‘சூடாக்கு’ என்று பொருள்படும் ‘கலெஃபாகெரே’ என்ற வினையைக் காட்டுகிறது. மத்தியதரைக் கடலில் கப்பலைச் சாய்த்துப் போட்டு, அடியில் முள் விறகு எரித்து, கீல் (தார் போன்ற பிசின்) இளகிய பதத்தில் இருக்கும்போதே பூசுவார்கள். அந்தச் சூட்டிலிருந்து பெயர் வந்தது என்பது வாதம். மற்றக் கட்சி, கப்பலின் சந்தடைப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லையே வேர் என்கிறது. யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இந்த இரண்டாவது கட்சி. அவர்கள் சொல்லும் காரணம் வேலை தெரிந்தவருக்கு உடனே பிடிபடும்: சந்தில் பஞ்சடைப்பது வேறு, மேலே கீல் பூசுவது வேறு. சூடு இரண்டாவது வேலைக்குத்தான் தேவை. முதல் வேலையின் பெயர் ஏன் சூட்டிலிருந்து வர வேண்டும்? எனக்கும் அரபு மூலமே வலுவாகப் படுகிறது.

சொல் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு பேரரசரே சாட்சி. கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தை 1041 டிசம்பர் முதல் 1042 ஏப்ரல் வரை ஆண்ட ஐந்தாம் மிகாயேலுக்கு ‘கலஃபாதிஸ்’ என்று பட்டப்பெயர். அவருடைய தந்தை கப்பலில் கலப்பற்று வேலை பார்த்தவர். போர்த்துகீசியர் இந்தியக் கரைக்கு வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய செய்தி இது. நம் கரையில் காயல்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களுக்கு அரபு வணிகத் தொடர்பு போர்த்துகீசியருக்கு முன்பே உண்டு. அதனால் சொல் நேரே அரபு மாலுமிகளிடமிருந்தும் வந்திருக்கலாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கால்க்’ என்பதும் இதே சொல்தானே?

இல்லை. அது லத்தீன் ‘கல்காரே’யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மிதித்து அழுத்துவது என்று பொருள். ஒலியும் வேலையும் ஒத்திருப்பது தற்செயல்.

கேள்வி: ஒரு அங்குலப் பலகை போட்ட சின்னப் படகு. கலப்பற்று முறையாக எப்படி அடிப்பது?

பலகை பொருத்தும்போதே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இரண்டு பலகைகளும் உள்பக்கம் வெளிச்சம் தெரியாமல் ஒட்டி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் திறந்திருக்க வேண்டும். அங்குலப் பலகைக்கு வெளிவாயில் அரை நூல் முதல் ஒரு நூல் வரை போதும் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). உள்ளேயும் இடைவெளி விட்டால் பஞ்சு நிற்க இடமில்லை, அடிக்க அடிக்க மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

சந்தைத் தூசியில்லாமல் சுத்தம் செய்யுங்கள். பஞ்சை லேசாக முறுக்கித் திரியாக்குங்கள். உளி முனையால் திரியை அங்குலத்துக்கு ஒரு சிறு மடிப்பாகச் சந்தில் குத்திக்கொண்டே போங்கள். சந்து அகலமான இடத்தில் மடிப்பை நெருக்கமாக வைக்க வேண்டும், குறுகிய இடத்தில் திரியை நீட்டிவிட வேண்டும். பலகையும் பலகையும் முனை சேரும் குறுக்குச் சந்துகளை முதலில் அடியுங்கள். அந்தத் திரியின் வாலை நீளச் சந்துக்குள் கொஞ்சம் விட்டு, நீளத் திரியை அதன்மேல் ஏற்றினால் மூலையில் ஒழுகாது.

இரண்டாம் சுற்றில்தான் இறுக்க வேண்டும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) சீராக அடித்துப் பஞ்சைப் பலகை மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இறக்குங்கள். இங்கே கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். பஞ்சு தளர்ந்திருக்கும்வரை சத்தம் மொத்தென்று கேட்கும். இறுகியதும் கணீரென்று மாறும். மாறிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு பஞ்சின்மேல் பிரைமரைத் தாராளமாக ஊறவிட்டு, காய்ந்ததும் பட்டி. பட்டியைப் பலகை மட்டத்துக்கு நிரப்பாமல் கொஞ்சம் குழிவாக விடுங்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதிப் பட்டியை வெளியே தள்ளும். மட்டமாக நிரப்பியிருந்தால் சந்து முழுக்க வரப்பு எடுத்து நிற்கும்.

பலகை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் என்றால் அடியில் பஞ்சும் அதன்மேல் கீல் ஊறிய சணல் நாரும் வைப்பதுதான் முறை.

கேள்வி: நாங்கள் நன்றாகவே இறுக்கினோம். தண்ணீரில் விட்ட மூன்றாம் நாள் பலகை வங்கை (பலகை அறையப்பட்ட விலாச் சட்டத்தை) விட்டு எழும்பிவிட்டது. ஏன்?

“நன்றாகவே இறுக்கினோம்” என்கிறீர்களே, அதுதான் காரணம். படகு வெயிலில் காய்ந்திருந்த நேரத்தில் அடித்திருப்பீர்கள். காய்ந்த பலகை சுருங்கிச் சந்து அகலமாகத் தெரியும், கைக்கு வந்த அளவு பஞ்சு உள்ளே போகும். தண்ணீரில் பலகை ஊதும்போது அந்தப் பஞ்சுக்கு நகர வழியில்லை. பலகைதான் நகர வேண்டும். ஆணி இழுபடும், வங்கு விரிசல் விடும். ஒழுகும் படகைக் கண்டு பயந்து கூடுதலாக அடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய கேடு. ஒழுக்கு நிற்காவிட்டால் முதலில் ஆணியையும் வங்கையும் பாருங்கள். பிடிமானம் தளர்ந்த பலகைக்கு எத்தனை முறை கலப்பற்று அடித்தாலும் நிற்காது.

கேள்வி: கரையில் பல மாதம் கிடந்த படகு. சந்தெல்லாம் ஆகாயம் தெரிகிறது. புதிதாக அடிக்கலாமா?

முதலில் ஊறப் போடுங்கள். ஈரச் சாக்கு போர்த்தி நாலைந்து நாள் தண்ணீர் தெளியுங்கள், அல்லது ஆழமில்லாத இடத்தில் கட்டிப் போட்டு நீர் இறைத்துக்கொண்டே இருங்கள். பாதிச் சந்து தானே மூடும். மூடாத இடத்தில் மட்டும் பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்து எடுங்கள். மின் ரம்பம் விட்டுச் சந்தைத் திறக்க வேண்டாம். பலகை விளிம்பு ஒருமுறை கிழிந்தால் அந்த இடம் மறுபடி சரியாக அடைபடாது.

கேள்வி: ஆணி இல்லாமல் தைத்த வள்ளம், மசூலாவுக்கும் கலப்பற்று உண்டா?

அந்த வேலை வேறு. அங்கே பலகைச் சந்தின்மேல் தேங்காய் நாரை வரிசையாக வைத்து, அதன்மேல் கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். நார் சந்துக்குள் போவதில்லை, சந்தை மூடிக்கொண்டு நிற்கிறது. உளிக்கு அங்கே வேலை கிடையாது. சென்னையில் துறைமுகம் வருமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலா, அலை தூக்கிப் போட்டாலும் வளைந்துகொடுத்தது இந்தத் தையலால்தான். கொஞ்சம் நீர் கசியும், இறைக்க ஆள் இருப்பார். பாரசீக வளைகுடா வாயிலில் உள்ள ஓர்முசு துறையில் மார்க்கோ போலோ பார்த்த கப்பல்களும் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தவை, கீலுக்குப் பதில் மீன் எண்ணெய் பூசியவை. சீனாவிலிருந்து வணிகத்துக்கு ஓடிய பெரிய கப்பல்களில் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் பிசைந்து பூசினார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். சுண்ணாம்பு எண்ணெயோடு சேர்ந்தால் கெட்டிப்படும், கப்பல் புழு துளைப்பதையும் தடுக்கும்.

கேள்வி: நான் வீட்டுத் தச்சு வேலை செய்கிறேன். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் அடிக்கிறோமே, அதையே படகுக்கும் அடித்தால் என்ன?

கூடாது. சுவர் ஊதாது, சுருங்காது. படகுப் பலகை இரண்டும் செய்யும். சிலிக்கான் பட்ட மரத்தில் பின்னால் பெயின்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் ஒட்டாது. தண்ணீர் மட்டத்துக்கு மேல் உள்ள சந்துகளில் வேண்டுமானால் பஞ்சடித்த பிறகு ரப்பர் போல வளையும் பாலிசல்ஃபைட் பசை பூசலாம். எபாக்சிப் பசையைச் சந்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது இறுகிக் கல்லாகிவிடும். பலகை ஊதும்போது எபாக்சி நசுங்காது, மரத்தின் விளிம்புதான் நசுங்கும். அடுத்த கோடையில் சுருங்கியதும் அந்த நசுங்கிய இடமே புதுச் சந்தாகும். பழைய பலகைப் படகின்மேல் ஃபைபர் போர்த்துவதும் வேண்டாம். உள்பக்கத்து ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகையும் வங்கும் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.