பழைய காரின் ஸ்டீயரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது 1930-களின் கார். வார்ம்-செக்டர் ஸ்டீயரிங் (வார்ம் என்ற திருகுப்பல் தண்டு, செக்டர் என்ற பல்சக்கரத் துண்டைத் திருப்பும் வகை). ஸ்டீயரிங் வீலை நான்கு விரற்கடை ஆட்டினாலும் டயர் அசையாமல் இருந்தது. ஸ்டீயரிங் பாக்ஸின் பக்கவாட்டு ஸ்க்ரூவை மெக்கானிக் முறுக்கிவிட்டார். ஆட்டம் குறைந்தது. ஆனால் இப்போது வளைவில் பிடிக்கிறது, வீல் தானாக நேருக்கு வர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குத் தளர்த்துங்கள். இறுகிய ஸ்டீயரிங்கோடு ஓட்டுவதைவிடக் கொஞ்சம் ஆட்டத்தோடு ஓட்டுவது மேல்.

ஏன் பிடிக்கிறது? கார் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேர்ச்சாலைதான். அதனால் வார்மின் நடுப்பகுதியும் செக்டரின் நடுப்பல்லும் தேய்ந்துகொண்டே இருக்க, ஓரங்கள் ஏறக்குறைய புதிதாகவே நிற்கின்றன. இதை எதிர்பார்த்துத்தான் நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் சற்று இடைவெளியோடும் பல் வெட்டியிருப்பார்கள். நடுவின் தேய்மானம் அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டால், நடுவை நெருக்கும் ஒவ்வொரு முறையும் ஓரம் இறுகும். உங்கள் கார் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதா, அல்லது வேறெங்கோ உள்ள ஆட்டத்துக்காக பாக்ஸை நெருக்கிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது.

ஒரு சின்னக் கணக்கு. டிராப் ஆர்மின் (பாக்ஸிலிருந்து தொங்கி, சக்கர இணைப்புகளை அசைக்கும் கை) நீளம் 150 மி.மீ., பாக்ஸின் விகிதம் 12:1 (வீல் 12 டிகிரி திரும்பினால் ஆர்ம் 1 டிகிரி), ஸ்டீயரிங் வீலின் விட்டம் 430 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிராப் ஆர்மின் பந்து முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் வீலின் விளிம்பில் அது சுமார் 17 மி.மீ. ஆகிவிடும். இரண்டு மூட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்திருந்தாலே உங்கள் நான்கு விரற்கடையில் பாதி வந்துவிடும்.

அதனால் தேடலை வெளியிலிருந்து தொடங்குங்கள். கார் தரையில் நிற்கும்போதே ஒருவர் வீலை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள், பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி மற்றதிலுமாக. கண் பார்ப்பதற்கு முன் விரல் சொல்லிவிடும். டிராப் ஆர்ம், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் இரு முனைகள், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகள் என்று வரிசையாகப் பாருங்கள். பாக்ஸைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளை மறக்காதீர்கள். பாக்ஸே அசைகிறது என்றால் உள்ளே எதை நெருக்கியும் பயனில்லை. பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு). முன்சக்கரத்தில் பிரேக் உள்ள காருக்கே இந்தச் சோதனை பொருந்தும்.

இவ்வளவும் சரியான பிறகே பாக்ஸ். டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். இணைத்து வைத்துக்கொண்டு செய்தால் எதுவும் கைக்குத் தெரியாது. மூன்று வேலைகள், வரிசை மாறக்கூடாது. முதலில் வார்மின் மேல்-கீழ் ஆட்டம்: வீலுக்குக் கீழே ஸ்டீயரிங் காலத்தை (வீலின் தண்டைச் சூழ்ந்த குழாய்) பற்றிக்கொண்டு வீலை மேலே இழுத்து, கீழே அழுத்துங்கள். எழும்பி இறங்கினால் பாக்ஸ் மூடியின் அடியிலிருந்து ஷிம் என்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுங்கள் (சில பாக்ஸில் ஷிம்முக்குப் பதில் அட்ஜஸ்டிங் நட் இருக்கும்). எழும்புவது நின்றதும் நிறுத்துங்கள். அடுத்தது செக்டர் ஷாஃப்டின் (செக்டரையும் டிராப் ஆர்மையும் தாங்கும் தண்டு) நீளவாட்டு ஆட்டம். கடைசியாகப் பல் நெருக்கம். பக்கவாட்டு ஸ்க்ரூ எல்லா பாக்ஸிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிலவற்றில் ஷாஃப்டின் முனையை மட்டும் தாங்கும், பல்லை நெருக்கத் தனியாக எக்சென்ட்ரிக் புஷ் (துளை மையம் விலகிய உருளை உறை) இருக்கும். உங்களுடையதில் வளைவில் பிடிப்பதால் அது பல்லை நெருக்கும் ஸ்க்ரூதான்.

பல்லை எப்போதும் நடுவில் வைத்தே நெருக்க வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாதிக்குத் திரும்புங்கள். கோடியில் இடிக்க வேண்டாம். டிராப் ஆர்மின் நுனியைப் பிடித்து அசைத்தபடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆட்டம் மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி பாருங்கள். நட் இறுகும்போது ஸ்க்ரூவையும் இழுத்துக்கொள்ளும். இப்போது வீல் ஒரே விரலில் கோடிக்குக் கோடி சுற்ற வேண்டும், நடுவைக் கடக்கும்போது மட்டும் மெல்லிய இறுக்கம் தெரியலாம். நடுவில் ஆட்டமின்றி, ஓரத்தில் பிடித்தால் வார்மும் செக்டரும் ஜோடியாக மாற வேண்டும். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் செக்டருக்குப் பதில் முழு வட்டப் பல்சக்கரம் இருக்கும். உங்களுடையது அப்படியிருந்தால் அதிர்ஷ்டம்: சக்கரத்தை 90 டிகிரி திருப்பிப் பூட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும்.

கழற்ற நேர்ந்தால் டிராப் ஆர்முக்குப் புல்லர்தான். சுத்தியலால் ஷாஃப்டைத் தட்டினால் அந்த அடி பல்லில்தான் போய் விழும். கழற்றும் முன் ஆர்மிலும் ஷாஃப்டிலும் சேர்த்து ஒரு கோடு குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக் லிங்கின் முனை பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: முழுக்க இறுக்கி, பிறகு அரைச் சுற்று முதல் ஒரு சுற்றுக்குள் ஸ்ப்ளிட் பின் துளை வரும்வரை தளர்த்துங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங் முழுதாக நசுங்கி நிற்கக்கூடாது, சாலையின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். பந்தை மைக்ரோமீட்டரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். முட்டை வடிவமாகியிருந்தால் எந்த இறுக்கமும் உதவாது: ஒரு நிலையில் ஆடும், திருப்பினால் பிடிக்கும். ஸ்பிரிங்கும் கிண்ணங்களும் இரு முனையிலும் ஒரே வரிசையில் இருக்கும் என்று நினைக்காமல், கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள். புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.

கேள்வி: பாக்ஸிலிருந்து ஆயில் கசிகிறது. கிரீஸ் அடைத்துவிட்டால் என்ன?

பதில்: சாதாரண சேசிஸ் கிரீஸ் கூடாது. வார்ம் ஒரு முறை ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வராது. பாக்ஸ் நிறைந்திருக்கும், பல் மட்டும் வறண்டு தேயும். 140 தரக் கெட்டி கியர் ஆயில் பொதுவாகப் பொருந்தும். உள்ளே வெண்கலப் பாகம் இருந்தால் ஜி.எல்-5 குறியிட்ட ஆயிலைத் தவிர்த்து ஜி.எல்-4 வாங்குங்கள். முன்னதில் அதிகமுள்ள கந்தகச் சேர்மானம் வெண்கலத்தை அரிக்கக்கூடும். கசிவு தாங்கவே முடியாவிட்டால் ‘00’ தர அரைத்திரவ கிரீஸ் ஒரு நடுவழி. உண்மையான வைத்தியம் செக்டர் ஷாஃப்டின் புஷ்தான். பழைய பாக்ஸ் பலவற்றில் சீலே கிடையாது, புஷ்ஷின் நெருக்கம்தான் ஆயிலைப் பிடித்து வைக்கும். புதிய புஷ்ஷுகளை அழுத்தியபின் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீம் செய்து (துளையை அளவாகச் சீவி) 0.025 முதல் 0.05 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். பாக்ஸின் சுவரில் இடமிருந்தால் லேத்தில் கடைந்து ஆயில் சீல் ஒன்றையும் பொருத்தலாம்.

கேள்வி: கிங் பின்னும் புஷ்ஷும் புதிதாகப் போட்ட பிறகு ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது.

பதில்: டை ராடைக் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டும் இறுக்கமென்றால் புஷ்ஷுகள் நேர்கோட்டில் ரீம் ஆகவில்லை. ஒன்று மட்டும் என்றால் புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளுக்கு நேரே இல்லாமல் இருக்கலாம், அல்லது த்ரஸ்ட் பேரிங் தலைகீழாக இருக்கலாம். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையைத் தொடக்கூடாது. இரண்டும் இலகுவாகத் திரும்பினால் ஸ்டீயரிங் காலத்தைச் சந்தேகியுங்கள்: டேஷ்போர்டு கிளாம்பைத் தளர்த்தியதும் காலம் ஒரு பக்கம் துள்ளினால், இத்தனை நாளும் அது வளைந்தே நின்றிருக்கிறது. பாக்ஸை முதலில் இறுக்கி, காலம் தானாக நிற்கும் இடத்திலேயே ஷிம் கொடுத்துக் கிளாம்பைப் பூட்டுங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரங்கள் படபடவென்று ஆடுகின்றன. பாக்ஸை நெருக்கினால் நிற்குமா?

பதில்: நிற்காது. டை ராட் முனைகள், கிங் பின், வீல் பேலன்ஸ், டயர் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1.5 முதல் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். காஸ்டர் (கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வைப்பார்கள். ஆக்சில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் காரில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருந்தால் காஸ்டர் கூடும். முன்னோக்கி வைத்துவிட்டு ‘ஆப்பு வைத்தும் நிற்கவில்லை’ என்பவர்கள் உண்டு.

கேள்வி: ஃபோர்டு மாடல் டி-யில் ஸ்டீயரிங் பாக்ஸையே காணோமே?

பதில்: வீலுக்கு நேர் கீழே, காலத்தின் உச்சியில் இருக்கும் பித்தளைக் கூட்டைப் பாருங்கள். நடுப்பல்லைச் சுற்றி மூன்று சிறு பற்சக்கரங்கள், விகிதம் வெறும் 4:1, கடைசி ஆண்டுகளில் 5:1. நெருக்க ஸ்க்ரூ எதுவும் கிடையாது. தேய்ந்த பற்சக்கரங்களையும் பின்களையும் மாற்றி கிரீஸ் வைப்பதுதான் பழுதுபார்ப்பு. முன்சக்கரங்களைத் தூக்கி, இரு கோடிக்கும் திருப்பி, கீழே உள்ள ஆர்மைக் கவனியுங்கள். அது டிராக் லிங்கோடு ஒரே நேர்கோட்டுக்கு வரக்கூடாது. வந்தால் ஆர்ம் மறுபக்கம் புரண்டு, நீங்கள் வீலைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் சக்கரம் போகும். தேய்மானம், வளைந்த ஆர்ம், நீளம் தவறிய லிங்க் என்று எது காரணமானாலும், அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.