நல்லூரில் அம்மா தனியே: கரண்ட் போனால் யாருக்கு அழைப்பது?

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் நல்லூரில் எங்கள் பழைய நாற்சார் வீட்டில் அம்மா தனியே இருக்கிறார். அடிக்கடி கரண்ட் போகிறது. சில நேரம் பல்ப் மங்கி, பிறகு பளிச்சென்று எரிகிறதாம். மின்சார சபையில் யாரோடு கதைப்பது? பில் இன்னும் காலமான அப்பாவின் பெயரில்தான் வருகிறது.

பதில்: இலங்கை மின்சார சபைக்கு 1987 என்ற எண்ணில் முறையிடலாம். தமிழில் கதைக்கலாம். ஆனால் அது உள்நாட்டுக் குறுக்கெண். கனடாவிலிருந்து நீங்கள் அடித்தால் போகாது. அம்மாவோ பக்கத்து வீட்டாரோதான் எடுக்க வேண்டும். உங்கள் பங்குக்கு, பில்லைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள 10 இலக்கக் கணக்கு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டச் செய்யுங்கள். வீட்டைக் கண்டுபிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான். பில் அப்பாவின் பெயரில் இருப்பது முறைப்பாட்டுக்குத் தடையே இல்லை. பெயர் மாற்றத்தை நீங்கள் ஊருக்கு வரும்போது ஆறுதலாகச் செய்யலாம்.

அழைக்க முன் அம்மா ஒன்றை மட்டும் பார்க்கட்டும்: பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா? அங்கே வெளிச்சம் இருந்து இங்கே மட்டும் இல்லையென்றால், பிழை வந்தால் தானாகவே அணையும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கக்கூடும். ஒருமுறை மேலே தள்ளிப் பார்க்கலாம். உடனே திரும்ப விழுந்தால் பிழை வீட்டுக்குள்; வயரிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் விழாமலே கரண்ட் இல்லையென்றால், அல்லது ஒழுங்கை முழுக்க இருட்டென்றால், அது சபையின் வேலை. ஒழுங்கையின் பெயரோடு, பக்கத்துக் கோயிலையோ சந்தியையோ அடையாளம் சொல்லட்டும். முறைப்பாட்டு எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொண்டால் அடுத்த அழைப்பில் கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்துவது அந்த மங்கிப் பளிச்சிடும் பல்ப்தான். கம்பத்தில் கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும், அது திரும்பிப் போகும் பொதுக் கம்பியான ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் எங்காவது தளர்ந்தாலோ அறுந்தாலோ அந்தச் சமநிலை குலையும். ஒரு வீட்டில் வோல்டேஜ் விழ, இன்னொரு வீட்டில் 400 ஐ நெருங்கி ஏறலாம். பிரிட்ஜ், டிவி, கிணற்று மோட்டர் எல்லாம் கருகிவிடும். அப்படி எரியும்போது அம்மா முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அப்புறம் 1987 க்கு எடுத்து, “லைட் மங்கிக் கூடி எரியுது, நியூட்ரல் பிழை போல இருக்கு” என்று அதே சொல்லில் சொல்லட்டும். “கரண்ட் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவசரம் அவர்களுக்குப் புரியாது. காற்றடிக்கும்போது மட்டும் இப்படி என்றால், தென்னோலையோ கிளையோ கம்பியில் உரசுகிறதா என்று தூர நின்று பார்க்கலாம். கொக்கத்தடியால் இழுக்க யாரையும் விட வேண்டாம். கம்பி அறுந்து கிடந்தால், அதில் கரண்ட் இல்லை என்று நினைத்துக் கிட்டப் போகவே கூடாது.

இன்னொன்று. உங்கள் அம்மாவின் தலைமுறை 1990களில், போர்க்காலத்தில், ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தது. “வரும்தானே” என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்தப் பொறுமை இந்தப் பிழைக்கு உதவாது. அழைப்பதற்கு நம்பிக்கையான அயலவர் ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள்.

மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024 இன் 36 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அதனால் பில்லின் தலைப்பில் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். கடைசியாக வந்த பில்லில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணைப் பிடியுங்கள்.